போன மின்சாரம் திரும்ப வேண்டும்

சென்ற ஆடி மாதம் என் தங்கையின் மகன் மாதுங்காவிலிருந்து தன் மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் புறப்பட்டான். அவன் தகப்பனார் காலமானபின் வந்த முதல் ஆடி அமாவாசை அது. பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையில் தர்ப்பணம் செய்யவேண்டும் என்பது தாயின் விருப்பம். தாய்க்கு ரயிலில் ஓர் இடம் கிடைத்தது, மகனுக்குக் கிடைக்கவில்லை. பம்பாயில் குடியிருக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று.

"ரயில் இல்லாவிட்டால் என்ன, மாமா? வண்டி இருக்கிறது. மூன்று நாளில் போய்ச் சேர்ந்துவிடுவேன்" என்றான். எனக்கு அரை மனந்தான். ஆனால் பலமுறை நெடுந்தூரம் சென்று பழகியவன், நல்ல வண்டி, காரியமோ தகப்பனார் காரியம். எப்படித் தடுப்பது?

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டான். விரைவுச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லையாதலால் பழைய சாலை வழியாகக் கண்டாலா ஏறிப் புனே சென்று, அங்கிருந்து சாத்தாரா நோக்கிப் போனான். இரவு பத்து மணி சுமாருக்குக் கம்பாட்கி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. முன்விளக்கு மெல்ல மஞ்சளாயிற்று. ஹார்னை அழுத்தினால் விளக்கு மங்கியது. திரும்பும் திசையைக் காட்டும் விளக்கைப் போட்டால், அது துடிக்குந்தோறும் கடிகாரப் பலகையும் சேர்ந்து துடித்தது. ஒரு வளைவில் எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைந்தன. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முன்னே இருட்டு, பக்கத்தில் பள்ளம், பின்னே சரக்கு லாரிகள்.

அவனுக்குப் பின்னால் வந்த ஒரு லாரி ஓட்டுநர் நிலைமையை உணர்ந்து, தன் வண்டியின் வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு, தன் விளக்கின் வெளிச்சத்திலேயே அவனை மலையிறக்கி விட்டார். அந்த மனிதர் யாரோ, எந்த ஊரோ! அவர் நன்றாயிருக்கட்டும்.

மறுநாள் வழியில் ஒரு மெக்கானிக் பாட்டரியை மாற்றினார். முப்பது கிலோமீட்டர் போனதும் பழைய கதையே. இன்னொருவர் பல்பை மாற்றினார். மூன்றாமவர் சுவிட்சைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் நாள் வண்டியை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு பையன் பம்பாய்க்குத் திரும்பினான். அமாவாசை கடந்துவிட்டது. ஆற்றங்கரையில் தாய் மகனை எதிர்பார்த்து நின்றதை அவள் வாயாலேயே பின்னர் கேட்டேன். அதை இங்கே எழுதவேண்டியதில்லை.

குறை எங்கே இருந்தது? பெட்ரோல் டாங்கின் அடியில், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் கப்ளரில் இருந்தது. அதைச் சீர்செய்ய ஒரு முழம் ஒயரும், சிறிது ஈயமும், ஒரு பிற்பகலும் போதுமாயிருந்தன. ரயில்வேயில் மின்பணியாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற உரிமையில் அதைப் பற்றி நம் சங்கத்து இளைஞர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். வீட்டிலுள்ள தாய்மார்களும் படிக்கலாம். வண்டி புறப்படும்போது வாசலில் நின்று வழியனுப்புகிறவர்கள் அவர்கள்தாமே!

திரும்பும் வழி

பாட்டரியிலிருந்து மின்சாரம் விளக்குக்குப் போகிறது, விளக்கு எரிகிறது. பெரும்பாலோர் அறிந்தது இவ்வளவே. ஆனால் போன மின்சாரம் திரும்பி வந்து பாட்டரியின் மறுமுனையைச் சேர்ந்தாலன்றி விளக்கு எரியாது. போகும் வழி எவ்வளவு முக்கியமோ, திரும்பும் வழியும் அவ்வளவு முக்கியம்.

பம்பாய்வாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. அன்று தலைக்குமேல் ஒரு கம்பி 1,500 வோல்ட்டு மின்சாரத்தைக் கொண்டுவந்தது. அது திரும்பிப் போக வேறு கம்பியை மேலே காணோம். கீழேயிருந்த தண்டவாளமே திரும்பும் வழி. மின்னழுத்தம் பிற்காலத்தில் 25,000 வோல்ட்டாக மாறியபோதும் தண்டவாளத்தின் இந்தக் கடமை தீரவில்லை. இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேருமிடத்தில் தடித்த இணைப்புக் கம்பி பொருத்தியிருப்பதற்கு இது ஒரு காரணம். அந்த இணைப்பு அறுந்தால் மேலேயுள்ள கம்பி எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

மோட்டார் சைக்கிளிலும் ஏற்பாடு இதுவே. பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒயர் போகிறது. திரும்பும் மின்சாரத்துக்கு வண்டியின் இரும்புச் சட்டமும் இன்ஜினும், அவற்றோடு சில ஒயர்களும் பொதுவழியாகின்றன. இப்பொதுவழியையே பணிமனைகளில் 'எர்த்' என்கிறார்கள். ரப்பர்ச் சக்கரத்தின்மேல் நிற்கும் வண்டிக்கு மண்ணோடு தொடர்பு ஏது என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இல்லைதான். இப்பெயர் தந்தி யுகத்திலிருந்து வந்தது. 1838-இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற அறிஞர், தந்திக்கு இரண்டு கம்பி வேண்டியதில்லை, ஒரு கம்பி போதும், திரும்பும் வழியாகப் பூமியே பயன்படும் என்று கண்டறிந்தார். அன்றுமுதல் பொதுத் திரும்புவழி எதுவாயினும் பூமி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

1950-களில் ஓடிய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையைச் சட்டத்தோடு இணைத்திருப்பார்கள். இன்றைய வண்டிகளில் எதிர்முனையே சட்டத்தைச் சேர்கிறது. பழைய வண்டியை ஆசையோடு வைத்திருப்பவர்கள் கைவைக்குமுன் எந்த முனை சட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். இனி நான் கூறுவதெல்லாம் எதிர்முனை சட்டத்தோடு சேர்ந்த 12 வோல்ட்டு வண்டிக்கே பொருந்தும்.

கப்ளர் எப்படிக் கெடுகிறது?

முன்விளக்கு, ஹார்ன், கடிகாரப் பலகை, திசை விளக்குகள் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எர்த் ஒயர் வரும். இத்தனை ஒயர்களையும் தனித்தனியாகப் பாட்டரிவரை இழுத்தால் கட்டு பருத்துவிடும். ஆகவே நான்கு, ஐந்து, ஆறு ஒயர்களை வழியில் ஒரு கப்ளரில் சேர்த்து, அங்கிருந்து ஒரே ஒயராகக் கொண்டுபோகிறார்கள். கப்ளரின் உள்ளே சீப்பின் பற்கள்போல் ஒரு செப்புத் தகடு இருக்கும். கிளையாறுகள் ஒன்றுகூடும் இடம் அது. சில கிலோ எடையுள்ள ஒயர்க்கட்டில் அதன் எடை சில கிராமே. ஆனால் அத்தனை கருவிகளின் மின்சாரமும் அதன் வழியாகவே திரும்பவேண்டும்.

அதற்கு முதற்பகை ஈரம், அடுத்தது உப்பு. நாமோ கடலோரத்தில் குடியிருந்து, ஜூன் முதல் செப்டம்பர்வரை மழையில் ஓட்டுகிறோம். உப்பு நீர் கப்ளருக்குள் புகுந்தால் செம்பில் களிம்பேறும். வீட்டுச் செப்புக்குடத்தில் பச்சையாய்ப் படிவதும் அதன் இனமே. களிம்பு மின்சாரத்தை எளிதில் விடாது, தடை மிகும். தடையுள்ள இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் சூடு பிறக்கும். சூட்டினால் தகட்டின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் தடை இன்னும் பெருகும். இச்சுழல் தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 60 வாட்டு விளக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 5 ஆம்பியர் எடுக்கும். கப்ளரில் ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்கு தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் பாயும்போது அங்கே 1 வோல்ட்டு வீணாகும். 5 வாட்டு வெப்பம் பிறக்கும். ஹார்னும் மற்ற விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியர் பாய்ந்தால் 2 வோல்ட்டு வீணாகும். வெப்பமோ 20 வாட்டாகும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது விதி. நம் கடைகளில் ஈயம் உருக்கும் சிறு பற்றுக்கோலின் சக்தி 25 வாட்டுதான்! பிளாஸ்டிக் கப்ளர் உருகிக் கருகுவதில் வியப்பென்ன?

சுருள் இழையுள்ள ஹாலஜன் விளக்குக்கு மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். எல்.இ.டி. விளக்குகள் ஓரளவு தாங்கிக்கொண்டு, பிறகு திடீரென்று மினுக்கும் அல்லது அணையும்.

இப்போது வண்டிகளின் சுமையும் மிகுந்திருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வரும் புதிய இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை முன்விளக்கும் எரிகிறது. 2020-இல் புகை விதிகள் கடுமையானபின் கார்புரேட்டர் போய், மின்சாரத்தால் இயங்கும் எரிபொருள் ஊசியும் பம்பும் பெரும்பாலான வண்டிகளில் வந்துவிட்டன. இவற்றோடு நெடுந்தூரம் போகிறவர்கள் பனிவிளக்கு, இரட்டை ஹார்ன், கைபேசிக்கு மின்னூட்டும் துளை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். சேர்ப்பவர் நேர்முனை ஒயரைக் கவனத்தோடு கொண்டுவந்து, எர்த்தை மட்டும் அருகில் கண்ட கறுப்பு ஒயரோடு முறுக்கிவிடுகிறார். அந்தப் பாரமும் நம் கட்டைவிரல் கப்ளரின் தலையில்தான் விழுகிறது. என் மருமகன் வண்டியில் நடந்தது இதுவே. இரண்டு பனிவிளக்குகளின் எர்த்தும் அந்தக் கப்ளருக்குப் போகும் ஒயரில் முறுக்கப்பட்டிருந்தது.

இது மலிவான வண்டிகளுக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணவேண்டாம். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட யமஹா எஃப்.ஜே.ஆர். 1300 என்ற பெரிய வண்டியின், 2006 முதலான சில ஆண்டுகளின் வரிசையில், இத்தகைய எர்த் கப்ளர்கள் கருகுவது வெளிநாட்டு ஓட்டிகளிடையே பெரிதும் பேசப்பட்ட செய்தி. பல கால்களோடு ஒரே உடலில் சேர்வதால் அவர்கள் அதற்குச் 'சிலந்தி' என்று பெயரிட்டார்கள். கப்ளரை நீக்கி ஒயர்களை ஒன்றாகப் பற்றவைப்பதும், அங்கிருந்து தனி எர்த் ஒயர் இழுப்பதும் அவர்கள் கைக்கொண்ட பரிகாரங்கள். நாம் செய்யப்போவதும் அதுவே.

நோயின் அறிகுறிகள்

எர்த் கெட்டால் ஒரு கருவி மட்டும் கெடுவது அரிது. சம்பந்தமில்லாத இரண்டு கருவிகள் ஒன்றையொன்று பாதிக்கும். ஹார்ன் அடித்தால் விளக்கு மங்குவதும், பிரேக்கை மிதித்தால் கடிகாரப் பலகை அணைவதும், திசை விளக்கோடு பின்விளக்கும் துடிப்பதும் இதன் அடையாளங்கள். கைப்பிடியை ஒருபுறம் திருப்பினால் விளக்கு எரிந்து, மறுபுறம் திருப்பினால் அணைவது இன்னொன்று.

இவற்றிலும் விந்தையானது ஒன்றுண்டு. இரட்டை இழையுள்ள பல்பின் எர்த் அறுந்துவிட்டால், தாழ்ந்த ஒளிக்குப் போன மின்சாரம் திரும்ப வழியின்றி, உயர்ந்த ஒளியின் இழைக்குள் புகுந்து, கடிகாரப் பலகையிலுள்ள நீல விளக்கின் வழியாகத் தப்பிச் செல்லப் பார்க்கும். நாம் தாழ்ந்த ஒளியைப் போட்டிருக்க, நீல விளக்கு எரியும், முன்விளக்கு இருண்டிருக்கும். இதைக் கண்டால் பல்பை மாற்றவேண்டாம், எர்த்தைத் தேடுங்கள்.

கண்டுபிடிக்கும் முறை

முதலில் நிறம். யமஹா வண்டிகளில் எர்த் ஒயர் கறுப்பு. ஹோண்டா வழிவந்தவற்றில் பச்சை. சுசுகியில் பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு. கவாசாகியில் கறுப்பில் மஞ்சள் கோடு. எந்த வண்டியாயினும் அதன் ஒயர்ப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முன்னமே ஒருவர் கைவைத்த வண்டியில் நிறத்தை நம்ப முடியாது.

அடுத்து இடம். பாட்டரியின் எதிர்முனை, இன்ஜினையும் சட்டத்தையும் சேர்க்கும் தடித்த ஒயர், டாங்கின் அடியில் கழுத்துப்பகுதி, முன்விளக்குக் கிண்ணத்தின் உட்புறம், ஸீட்டின் அடியில் பின்விளக்குக்குப் போகும் கட்டு ஆகிய ஐந்து இடங்களையும் பாருங்கள். கறுப்பு நாடா சுற்றிப் புடைத்திருக்கும் இடத்தில் பெரும்பாலும் கப்ளர் இருக்கும்.

பிறகு மல்டிமீட்டர். வீட்டில் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். வண்டியை அணைத்துவிட்டு மீட்டரை ஓம் அளவில் வைத்து எர்த் ஒயரைச் சோதித்து, தடை இல்லை, எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது போய்வந்துவிடும். ஐந்து ஆம்பியர் அந்த ஓரிழையில் போகுமா? ஆகவே பாரத்தோடு சோதிக்கவேண்டும்.

முறை இது: மீட்டரை 20 வோல்ட்டு நேர்மின்னோட்ட அளவில் வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு முன்விளக்கைப் போடுங்கள். மீட்டரின் கறுப்புமுனையைப் பாட்டரியின் எதிர்முனைக் குமிழில் தொடுங்கள். சிவப்புமுனையை, விளக்கின் பின்னால் உள்ள கப்ளரில் எர்த் ஒயர் நுழையுமிடத்தில் தொடுங்கள். திரும்பும் வழியில் வீணாகும் வோல்ட்டு இப்போது மீட்டரில் தெரியும். 0.1 வோல்ட்டோ அதற்குக் குறைவோ ஆனால் வழி நன்றாக இருக்கிறது. 0.2-க்கு மேல் போனால் ஐயப்படவேண்டும். அரை வோல்ட்டானால் எங்கோ குறை உண்டென்பது உறுதி. மருமகன் வண்டியில் மீட்டர் 2.3 என்று காட்டியது. அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்!

"பாட்டரி புதுசு, பல்பு புதுசு என்று சொன்னேனே, மாமா!" என்றான்.

"வாங்கினவன் கடனைத் திருப்பாவிட்டால் கொடுத்தவன் எத்தனை பணக்காரனாக இருந்து என்ன, மாப்பிள்ளை?" என்றேன்.

அதன்பின் சிவப்புமுனையைப் பாட்டரியை நோக்கிக் கட்டங்கட்டமாக நகர்த்தவேண்டும். ஒரு கப்ளரின் முன்புறம் 2.3 ஆகவும் பின்புறம் 0.1 ஆகவும் இருந்தால் குறை அந்தக் கப்ளருக்குள் என்று அறியலாம். ஊகத்துக்கு இடமே இல்லை. மாற்றுவதற்கு முன் அளக்கவேண்டும் என்பது எங்கள் பணிமனையில் முதல்நாளே கற்றுக்கொடுத்த பாடம்.

பாட்டரியையும் அளந்துவிடுங்கள். ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்து விளக்கு மங்கினால் பாட்டரிமேல் பழியில்லை.

சீர்செய்யும் முறை

உத்தரவாதக் காலம் முடியாத புதிய வண்டியானால் ஒயரை வெட்டாதீர்கள். அளவுகளைக் குறித்துக்கொண்டு விற்பனையாளரின் பணிமனைக்கே கொண்டுசெல்லுங்கள். காலம் முடிந்த வண்டியானால் மேலே படியுங்கள்.

சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றவேண்டும். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் சட்டத்தில் பட்டால் பெரும்பொறி கிளம்பும். திரும்பப் பூட்டும்போது எதிர்முனையே கடைசி.

கப்ளரைப் பிரிக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்கவேண்டாம். உடலைப் பிடித்துக் கொக்கியை அழுத்திக் கழற்றுங்கள். உள்ளே களிம்பு மட்டும் இருந்து, பிளாஸ்டிக் நிறம் மாறாமலிருந்தால், மின்னிணைப்புகளுக்கென்று விற்கும் கழுவுதிரவத்தைத் தெளித்து, மெல்லிய உப்புத்தாளால் செம்பு பளிச்சிடத் தேய்த்து, தளர்ந்த பற்களை இறுக்கி, நன்கு உலர்த்திப் பூட்டலாம். பூட்டுமுன் மின்னிணைப்புக்குரிய சிலிக்கோன் கிரீஸை இலேசாகப் பூசினால் ஈரம் அண்டாது.

பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, வெட்டிவிடவேண்டும். ஒவ்வோர் ஒயரையும் சிறிது வெட்டி, உறையைச் சீவிப் பாருங்கள். இழைகள் கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும்வரை மேலும் வெட்டுங்கள். களிம்பு உறைக்குள்ளேயே ஊர்ந்து செல்லும் இயல்புடையது. கறுத்த செம்பில் ஈயமும் ஒட்டாது.

பிறகு எல்லா எர்த் ஒயர்களையும், 2.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள புதிய பல்லிழை ஒயர் ஒன்றையும் ஒன்றாகச் சேர்த்து, செப்புக் குழலில் நெருக்கிப் பிடித்து ஈயம் வையுங்கள். குங்கிலியம் உள்ளடங்கிய ஈயக்கம்பியையே பயன்படுத்தவேண்டும். தகர வேலைக்குரிய அமிலப் பசை நாளடைவில் செம்பை அரித்துவிடும். குளியலறை விரிசலை அடைக்கும், காடிநாற்றம் அடிக்கும் சிலிக்கோன் பசையை இதன்மேல் பூசுவதும் கூடாது. அந்த நாற்றத்துக்குக் காரணமான அமிலமும் செம்பை அரிக்கும். சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவில், உட்புறம் பசையுள்ளதை வாங்கி மேலே போர்த்திச் சுருக்கிவிடுங்கள். நாடா மட்டும் சுற்றினால் கோடையில் பசை இளகிப் பிரிந்துவிடும்.

புதிய ஒயரின் மறுமுனையில் வளைய 'லக்' ஒன்றைப் பொருத்தி, நேரே பாட்டரியின் எதிர்முனையில் பூட்டுங்கள். சட்டத்தில் பூட்டுவதானால் அந்த இடத்துப் பெயிண்டை இரும்பு தெரியுமட்டும் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு முறுக்கி, முறுக்கியபின் கிரீஸ் பூசுங்கள். பெயிண்டின்மேல் பூட்டிய எர்த் எர்த்தே அன்று.

ஈயம் வைத்த இடம் விறைப்பாயிருக்கும். வண்டியின் அதிர்ச்சியில் அதன் ஓரத்தில் இழைகள் ஒடியும். ஆகவே இணைப்பின் இருபுறத்தையும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி அசையாமல் செய்யுங்கள். ஆனால் ஒயர் விறைத்து நிற்கக்கூடாது. கைப்பிடியை இடம், வலம் இரண்டு எல்லைவரையும் திருப்பிப் பாருங்கள். எங்கும் இழுபடவோ நசுங்கவோ கூடாது.

பனிவிளக்கு போன்ற கூடுதல் கருவிகளுக்கு ரிலேயும் பியூஸும் வைத்து, அவற்றின் எர்த்தைத் தனியே பாட்டரிக்குக் கொண்டுசெல்லுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய பியூஸ் போடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். வாகனம் கழுவும் கடைகளில் வேகமாகப் பீய்ச்சும் நீரை டாங்கின் அடியிலும் முன்விளக்கின் பின்னும் அடிக்கவிடாதீர்கள். நான்கு மாத மழை செய்யாததை அது நான்கு நிமிடத்தில் செய்துவிடும்.

எல்லாம் பூட்டியபின் மறுபடியும் அளக்கவேண்டும். எங்கள் வண்டியில் 2.3 இருந்த இடத்தில் 0.06 என்று மீட்டர் காட்டியது. விளக்கு எதிர்வீட்டுச் சுவரில் வெள்ளையாய் விழுந்தது. ஹார்னை அடித்தோம், ஒளி அசையவில்லை. எதிர்வீட்டுக்காரர்தாம் எட்டிப் பார்த்தார்.

பயணப் பையில் ஒரு மூலை

நெடுவழி போகும் இளைஞர்கள் பையின் மூலையில் சில பொருள்களை வைத்துக்கொள்ளவேண்டும்: ஒரு சிறு மீட்டர், இருமுனையிலும் கவ்வியுள்ள இரண்டு மீட்டர் ஒயர், சில பியூஸ், நாடா, 10 மில்லிமீட்டர் ஸ்பானர், ஒரு கைவிளக்கு. இவற்றுள் அந்தக் கவ்வி ஒயரைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். மலைப்பாதையில் விளக்கு அணைந்தால், வண்டியைச் சாலையைவிட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்திக்கொண்டு, அதன் ஒருமுனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் கவ்வவைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் குறை எர்த்தில் என்பது தெளிவாகும். அதை அப்படியே கட்டிக்கொண்டு அடுத்த ஊர்வரை மெதுவாகப் போய்ச் சேரலாம். கம்பாட்கியில் என் மருமகனிடம் அந்த இரண்டு மீட்டர் ஒயர் இருந்திருந்தால் அன்றிரவே சாத்தாராவில் தங்கி, அமாவாசைக்கு முதல்நாள் ஊர்போய்ச் சேர்ந்திருப்பான்.

புறப்படுவதற்கு முன் இரவில் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஹார்ன், பிரேக், திசை விளக்கு ஒவ்வொன்றையும் இயக்கிச் சுவரிலுள்ள ஒளியைக் கவனியுங்கள். கைப்பிடியை இருபுறமும் திருப்புங்கள். ஒளி சிறிதளவு அசைந்தாலும் மறுநாட் காலை புறப்படவேண்டாம். வண்டியில் கைவைக்கத் தெரியாத தாய்மார்களும் இந்தச் சோதனையை வாசலில் நின்றே பார்த்துவிடலாம். பார்த்துத்தான் அனுப்பவேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

தை அமாவாசைக்கு ஒரு வாரத்துக்கு முன் என் மருமகன் மறுபடியும் வண்டியில் புறப்பட்டான். இம்முறை தாயார் முன்னதாகவே ஊர் சென்றிருந்தார். முதல்நாள் இரவு அவனே சுவர்முன் வண்டியை நிறுத்திச் சோதித்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் செய்தி வந்தது. அமாவாசையன்று காலை தாமிரபரணிக் கரையிலிருந்து தங்கை பேசினாள். "அண்ணா, நல்லபடியாய் முடிந்தது. பையன் நாளை மறுநாள் திரும்புகிறான்" என்றாள்.

"இரவில் ஓட்டவேண்டாம் என்று சொல்" என்றேன். எர்த் நன்றாயிருக்கிறது, இருந்தாலும் சொல்லிவைத்தேன்.